வேலிக்காத்தானை விதைத்தது யார்? வேரறுப்பது யார்?

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூருக்குக் கொண்டாட்டம். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் நாடறிந்தவை. எல்லை தாண்டிக் கர்நாடகத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கும் பர்கூர் மாட்டை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். செவலை உடம்பில் வெள்ளைத் தெளிப்பு விழுந்த செம்மறை மாடு. கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் ஓடிப் பழகிய கால்கள். ஆள் கிட்டே வந்தால் சிலிர்த்துத் தலையை ஆட்டும் முரட்டு வேகம்.

மாட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், மெச்சுகிறார்கள். அந்த மாடு மேய்ந்த புல் எங்கே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தியூரிலிருந்து தாமரைக்கரை வழியாகப் பர்கூருக்கு ஏறிப் பாருங்கள். பாதையின் இருபுறமும் உண்ணிச்செடி. மனிதன் நுழைய முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. மலையை விட்டு இறங்கினால் ஏரிகளிலும் ஓடைகளிலும் வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலம். சாலையோரத்திலும் தரிசிலும் பார்த்தீனியம். சாக்கடை கலக்கும் நீர்நிலையில் ஆகாயத்தாமரை. இந்த நான்கும் இந்த மண்ணில் பிறந்தவையல்ல. நான்கும் கடல் கடந்து வந்தவை. இன்று நான்கும் நம் விவசாயியின், நம் மலைவாழ் மக்களின் வயிற்றில் அடிக்கின்றன.

இதற்கு என்ன மருந்து? மேலிடத்திலிருந்து ஒரே பதில் வருகிறது: "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். தன்னார்வலர்கள் முன்வர வேண்டும்." உடனே ஊர்வலம், பதாகை, உறுதிமொழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் ஒரே நிறச் சட்டையில் ஏரிக்கு வருகிறார்கள். பத்து மணி வரை வெட்டுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்கு ஏரி பழையபடி முள்காடாக நிற்கிறது.

நாம் விழிப்புணர்வுக்கு விரோதிகளல்ல. பாடம் நடத்தி, பத்திரிகை விற்று, தெருக்கூட்டம் போட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. தன்னார்வ உழைப்பையும் நாம் கேலி செய்யவில்லை. வெயிலில் நின்று முள்ளில் கை கிழிபடும் இளைஞனுக்கு நமது வணக்கம். ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. யாருக்கு விழிப்புணர்வு இல்லாமல் இந்தச் செடிகள் வந்தன? யாருடைய கையைக் கட்டிப்போட்டதால் அவை பரவின?

விதைத்த கை எது?

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலச் செடி. 1809ல் வெள்ளைக்காரர்கள் அதைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதற்காக? அழகுக்காக! துரைமார் பங்களா முன்னே மஞ்சளும் சிவப்புமாகப் பூக்க வேண்டும். வேலியாகவும் நிற்க வேண்டும். பூத்தது. காய்த்தது. பழத்தைக் குருவி தின்று காடெல்லாம் எச்சமிட்டது. இந்திய வனவிலங்கு நிறுவன விஞ்ஞானிகள் 2020ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் மட்டும் 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதாவது 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில், உண்ணிச்செடி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். துரையின் தோட்டத்து அலங்காரம் ஒரு ராஜ்யத்தை விடப் பெரிதாகிவிட்டது!

வேலிக்காத்தான் கதையும் இதேதான். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் வளர்ந்த மரம். 1870களில் சென்னை மாகாண வனஇலாகா விதை வரவழைத்துக் கடப்பைப் பகுதியில் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சர்க்காரும் விறகுப் பஞ்சம் தீரும் என்று சொல்லி வறண்ட ஜில்லாக்களில் அதையே வளர்க்கச் சொன்னது. விறகு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் வேலி காக்க வந்த மரம் வேலியைத் தாண்டி வயலுக்கும், வயலைத் தாண்டி ஏரிக்கும் போனது. வேலியே பயிரை மேய்ந்த கதையைப் பழமொழியாகக் கேட்டிருந்தோம். சர்க்கார் அதை மரமாகவே நட்டுக் காட்டிவிட்டது.

பார்த்தீனியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் பல இடங்களில் 'காங்கிரஸ் செடி'. 1950களின் நடுவில் பூனாவில் இச்செடி கண்ணில் பட்டுப் பதிவானது. அமெரிக்கக் கோதுமை மூட்டையோடு வந்த விதை என்பது நாடெங்கும் உள்ள பேச்சு. 1951ல் கோதுமைக் கடன், 1956ல் பி.எல்.480 ஒப்பந்தம் என்று கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கிய காலம் அது. அதற்கு முன்பே இங்கே ஓரிரு இடத்தில் செடி இருந்தது என்று தாவரவியல் அறிஞர்களில் சிலர் சொல்கிறார்கள். அந்த வாதத்தை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். அந்நிய தானியத்தைத் துறைமுகத்தில் சோதித்து இறக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? உழவனுடையதா? மாடு மேய்க்கிறவனுடையதா? தும்மலும் மூச்சிரைப்பும் தோல் அரிப்பும் மட்டும் களை எடுக்கும் கூலிக்காரப் பெண்ணின் பங்கு!

இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடுகிறார்கள். ஜபல்பூரில் உள்ள மத்திய களை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் ஏழு நாள் விழிப்பு, மீதி நாளெல்லாம் உறக்கம் என்றால் அதற்கு என்ன பெயர்?

ஆக, மூன்று செடிகளின் பூர்வோத்திரத்தைப் பார்த்தாலும் ஏழை மக்களின் அறியாமை எங்கும் தென்படவில்லை. பங்களாவின் ஆசை தெரிகிறது, இலாகாவின் உத்தரவு தெரிகிறது, கப்பலின் அலட்சியம் தெரிகிறது. பிள்ளையைக் கிள்ளியவர்களே இன்று தொட்டிலை ஆட்டி, பிள்ளைக்குப் பாடமும் நடத்துகிறார்கள்!

பர்கூர் மலையில் நடந்தது என்ன?

பர்கூர் மலையில் முப்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள். சோளகர் பழங்குடி மக்களும், கன்னடம் பேசும் லிங்காயத்து மக்களும், பிறரும் வாழ்கிறார்கள். காட்டுக்குள் பட்டி போட்டு மாட்டையும் மலை எருமையையும் வளர்ப்பது அவர்களின் பரம்பரைப் பிழைப்பு. பட்டியில் சேரும் சாணம் கீழ்நாட்டு வயல்களுக்கு உரம். மலையும் சமவெளியும் ஒன்றையொன்று இப்படித்தான் தாங்கி நின்றன.

1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்காரின் சொத்து என்றது. மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு, தீ வைத்தால் குற்றம் என்றது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. பெயரின் முன்னால் 'தமிழ்நாடு' என்று மாற்றிக்கொண்டு நிற்கிறது.

தீ விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கும் சோளகர் மக்கள்தான். கோடையின் தொடக்கத்தில் தரையிலுள்ள சருகை மட்டும் சிறு தீயால் எரிப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தீயில் உண்ணிக் கன்றுகள் கருகும், புல் புதிதாகத் துளிர்க்கும். 1974ல் அந்த மலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. தீ நின்றது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே அளந்து குறித்த நிலத்துண்டுகளில் 1997ல் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008ல் 81 சதவீதத்தில் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் இரண்டு மடங்கு! "தீயை நிறுத்தினீர்கள், உண்ணி வந்தது" என்று சோளகர் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பேச்சை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது என்று ஆராய்ச்சியாளர்களும் பிற்பாடு எழுதினார்கள். விழிப்புணர்வு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை?

இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்பிவிடக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் புதராகிவிட்ட உண்ணியில் இன்று தீ வைத்தால் அது சருகுத் தீயாக நிற்காது, மரத்தையும் எரிக்கும். எரிந்த அடியிலிருந்து உண்ணியே முதலில் துளிர்க்கும். காலம் தவறிப்போன மருந்து விஷமாகிவிடும். மருந்தைத் தடுத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பர்கூருக்குத் திரும்புவோம். ஒருபுறம் உண்ணி புல்லை விழுங்கியது. மறுபுறம் எஞ்சிய புல்லுக்கும் ஆபத்து வந்தது. 2022 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்துக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று தடை சுருக்கப்பட்டது. பர்கூர் மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் 2023ல் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து, 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் தாலூகாக்களில் சுமார் 80,000 ஹெக்டேர் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று ஆக்கினார்கள். சரணாலயத்தில் மேய்ச்சலுக்குத் தடை. இந்தக் காடோ இப்போது சரணாலயம். முடிச்சு விழுந்துவிட்டதா, இல்லையா?

"மலைமக்களின் உரிமை பாதிக்கப்படாது" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். வாய்வார்த்தையை மாடு மேயாது. 2006ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தையும் கிராமசபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பட்டாவாக எழுதிக் கையில் கொடுங்கள். பிறகு பேசலாம்.

புலிக்கும் யானைக்கும் நாம் எதிரிகளல்ல. உண்ணி மூடிய காட்டில் மானுக்குப் புல் ஏது? யானைக்குத் தீனி ஏது? மாடு பட்டினி கிடக்கும் அதே புதரில் காட்டு மிருகமும் பட்டினி கிடக்கிறது. வயிறு காய்ந்த யானை வாழைத் தோட்டத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் இறங்குகிறது. மாட்டை வெளியேற்றுவதால் உண்ணி வெளியேறாது. உண்ணியை வெளியேற்றும் வேலைக்கு, அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த மனிதர்கள் வேண்டும். அவர்களையும் சேர்த்து வெளியேற்றுவதா பாதுகாப்பு?

ஒருநாள் கூத்து

2017ஐ நினைவுபடுத்துகிறோம். வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. தமிழகமே கிளம்பியது. கலெக்டர் வெட்டினார், வக்கீல் வெட்டினார், கல்லூரி மாணவன் வெட்டினான். அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்கள் ஆளுக்கு நூறு மரம் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்ட நீதிமன்றமும் உண்டு! சில மாதங்களில் சென்னையில் வேறொரு வழக்கு, இடைக்காலத் தடை, நிபுணர் குழு. 2022ல் தமிழக சர்க்கார் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. அதற்குள் 2017ல் வெட்டிய அடிக்கட்டைகள் எத்தனை முறை துளிர்த்தன என்பதை ஏரிக்கரைக் கிராமத்தானைக் கேட்டால் சொல்வான்.

ஏன் துளிர்த்தன? வேலிக்காத்தானைத் தரைக்கு மேலே வெட்டினால் அது சாவதில்லை. ஒன்றுக்கு நான்காகக் கிளைக்கும். தரைக்குக் கீழே வேர்க்கழுத்தோடு பெயர்த்தால்தான் சாகும். பெயர்த்த இடத்தில் புதைந்து கிடக்கும் விதை பல ஆண்டுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை செரிக்காமல் வெளிவந்து, முன்னிலும் நன்றாக முளைக்கும். உண்ணியும் அப்படியே. அதன் ஆணிவேரை மண்ணுக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும் என்று டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவரது குழுவினரும் காட்டித் தந்திருக்கிறார்கள். பிறகு இரண்டு மூன்று மழைக்காலம் கன்று பிடுங்க வேண்டும். வெற்றிடத்தில் நம் நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும். இது ஒருநாள் வேலையா? ஞாயிற்றுக்கிழமை வேலையா?

ஏலத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். ஏரியிலுள்ள வேலிக்காத்தானை வெட்ட சர்க்கார் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்த கண்டிராக்டருக்குத் தேவை விறகு, வேர் அல்ல. வேரைத் தோண்டினால் கூலி கூடும். ஆகவே அடிமரத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை லாரியில் ஏற்றுகிறார். நான்கைந்து ஆண்டில் கட்டை மீண்டும் விறகாகிறது, மீண்டும் ஏலம். வேர் இருக்கும் வரை வியாபாரம் இருக்கும். இந்த ஏற்பாட்டை நடத்திக்கொண்டே மக்களுக்கு விழிப்புணர்வு வகுப்பும் நடத்துவதைத்தான், படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது.

இன்னொரு பக்கமும் உண்டு. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் வானம் பொய்த்த ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றன. விவசாயம் கைவிட்ட இடத்தில் கரி கஞ்சி ஊற்றியது. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பைக் காட்டாமல் "அழித்துவிடு" என்று உத்தரவு போடுவது சுலபம். வெட்டுகிறவன் வீட்டு அடுப்பு எரியுமா என்பதையும் கணக்கில் எடுத்தால்தான் அது திட்டம்.

தன்னார்வம் என்ற பெயரில் இலவச உழைப்பைக் கேட்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஊர் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். 1858ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, அந்த வழக்கத்தையே தண்டனைக்குரிய கடமையாக்கினான். நீர்வரியைச் சர்க்கார் வாங்கும். மண்ணைக் குடியானவன் அள்ள வேண்டும்! மனமுவந்து செய்தால் அது தொண்டு. உரிமையைப் பிடுங்கிக்கொண்டு செய்யச் சொன்னால் அது வெட்டி.

பொய்யைப் பரப்புவது கல்வியாகாது

2017ல் நடந்த பிரசாரத்தில் எத்தனை விதமான கதைகள்! வேலிக்காத்தான் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றார்கள். அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிவிடும் என்றார்கள். இவற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. ஆனால் துண்டுப் பிரசுரத்திலும் கைபேசியிலும் மேடையிலும் இவையே முழங்கின.

ஏன் பொய் சொல்ல வேண்டும்? உண்மை போதாதா? அது ஏரியின் கொள்ளளவைத் தின்கிறது, வாய்க்காலை அடைக்கிறது, ஆழமான வேரால் நிலத்தடி நீரை இழுக்கிறது, மேய்ச்சல் நிலத்தைப் புல்லில்லாமல் ஆக்குகிறது. இவ்வளவும் உண்மை. பொய்யால் கூட்டிய கூட்டம், பொய் வெளுத்ததும் கலைந்துவிடும். அதோடு உண்மையையும் சந்தேகப்படும். மக்களுக்கு மழை வராததற்குக் காரணம் ஒரு மரம் என்று சொல்லிவிட்டால், ஏரியை ஆக்கிரமித்தவனையும் வாய்க்காலைத் தூர்த்தவனையும் மணலை அள்ளியவனையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? இந்தக் கதைகள் யாருக்கு லாபம் என்பதை வாசகர்கள் யோசிக்க வேண்டும்.

ஆகாயத்தாமரை விஷயமும் இதுதான். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த நீரில் அது கொழுத்து வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் அதை அள்ளிக் கரையில் போடுகிறார்கள். திங்கட்கிழமை சாக்கடை மீண்டும் அதற்குச் சோறு போடுகிறது. குழாயை அடைக்காமல் பூவைப் பிடுங்கி என்ன பயன்?

கொங்கு மண்ணிலேயே ஒரு பாடம்

"அப்படியானால் எதுவும் முடியாது என்கிறீர்களா?" என்று நண்பர்கள் கேட்கலாம். முடியும். முடிந்திருக்கிறது. அதுவும் நம் கொங்கு நாட்டிலேயே.

2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியில் தொடங்கி மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பருத்திக்கும் தாவியது. கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் பட்டு விவசாயிகள் மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் அடித்தார்கள். பூச்சியின் உடம்பில் மாவுப் போர்வை. மருந்து உள்ளே போகவில்லை. கடன்தான் ஏறியது.

2010ல் பெங்களூரிலுள்ள மத்திய சர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையம், புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியோடு வந்தது; நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பட்டு இலாகாவும் அதைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தன. "மருந்தை நிறுத்துங்கள், குளவி செத்துவிடும்" என்று வயலில் நின்று விளக்கினார்கள். விவசாயி கேட்டான்; கண்ணால் பார்த்தான்; பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குச் சொன்னான். சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழி. 2020ல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்தில் மரவள்ளியைத் தாக்கிய அந்தப் பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி கொண்டுவந்து, 2022ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விட்டார்கள்.

இதுதான் கல்வி! விஞ்ஞானம் பொதுத்துறையின் கையில் இருந்தது. அது விவசாயியைத் தேடி வயலுக்கு வந்தது. பூச்சியை ஒழிப்பதில் விவசாயிக்கு நேரடிப் பலன் இருந்தது. நிலம் அவனிடம் இருந்தது. இந்த நான்கும் சேர்ந்ததால் வெற்றி கிடைத்தது. மலைவாழ் மனிதனிடம் நீங்கள் பிடுங்கிக்கொண்டது இதில் கடைசியாகச் சொன்னதைத்தான்.

கடல் கடந்தும் பார்ப்போம்

கியூபாவில் மாராபூ என்றொரு முள்மரம் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது. அது என்ன மரம் தெரியுமா? நம் கரிசல் காட்டிலும் செங்காட்டிலும் நிற்கும் விடத்தலை மரம்தான்! இங்கே சாதுவாக நிற்பது அங்கே அரக்கனானது. 1990களில் கியூபாவின் கரும்பு விவசாயம் நெருக்கடிக்குள்ளாகி வயல்கள் தரிசாயின; தரிசில் மாராபூ புகுந்தது. 2007 ஜூலை 26 விழாவில் பேசிய ரவுல் காஸ்ட்ரோ, சாலையெங்கும் மாராபூ நிற்பதை ஒளிக்காமல் மேடையிலேயே சொன்னார். 2008ல் சர்க்கார் தரிசு நிலத்தைப் பயிர் செய்ய முன்வந்தவர்களுக்கு அனுபவ பாத்தியதையில் கொடுத்தது. நிலம் கையில் கிடைத்தவர்கள் மாராபூவை வெட்டித் தோண்டிப் பயிர் வைத்தார்கள். வெட்டிய மரம் கரியாகி ஏற்றுமதியாயிற்று. 2017ல் அமெரிக்காவுக்கே போனது. மாராபூ அங்கே முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆளில்லாத நிலத்தில் முள் வளரும், உழுபவன் கையில் சேர்ந்த நிலத்தில் முள் தளரும் என்ற பாடத்தைச் சொல்கிறோம்.

நிறவெறி ஆட்சியை வீழ்த்திய தென்னாப்பிரிக்காவில் 1995ல் 'தண்ணீருக்காக உழைப்பு' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆற்றுநீரைக் குடிக்கும் அந்நிய மரங்களை அகற்ற வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கூலி கொடுத்து, பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்பினார்கள். தொண்டு செய் என்று வெறுங்கையோடு அனுப்பவில்லை.

இங்கேயும் வழி இல்லாமலில்லை. பர்கூரை ஒட்டிய மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் உண்ணித் தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். நீலகிரியில் பழங்குடி மக்கள் உண்ணித் தண்டால் செய்த ஆளுயர யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. கைத்திறனுக்கு நமது பாராட்டு. ஆனால் லட்சக்கணக்கான ஹெக்டேர் உண்ணியை நாற்காலி செய்தே தீர்க்க முடியாது. அது துணை வருமானம். மூல வேலைக்கு சர்க்காரின் கூலியும் மக்களின் உரிமையும் வேண்டும்.

நமக்கும் ஒரு வார்த்தை

நம் தோழர்களில் சிலர், "செடி பிடுங்குவதா நம் வேலை? இதெல்லாம் சங்கம் வைத்துப் படம் பிடிப்பவர்களின் பொழுதுபோக்கு" என்று ஒதுங்குகிறார்கள். இது தவறு. ஏரி முள்காடானால் கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் இல்லை. மேய்ச்சல் போனால் மலைவாழ் மக்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்ப வேண்டும். களைப் பிரச்னை நிலப் பிரச்னையின் இன்னொரு முகம். நாம் ஒதுங்கிய இடத்தில் கண்டிராக்டரும் பதாகைக்காரரும் புகுந்திருக்கிறார்கள் என்றால் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

விவசாயிகள் சங்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் வாலிபர்களும் மாதர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். ஆடிச் சந்தையில் ஒரு பந்தல் போடுவோம். வேர்க்கழுத்தை எப்படிப் பெயர்ப்பது, கன்றை எந்த மாதத்தில் பிடுங்குவது, நெற்றை எப்படி இடித்து விதையைக் கொன்று தீவனமாக்குவது என்று மாட்டோடு வரும் விவசாயிக்குச் செய்தே காட்டுவோம். வன உரிமை மனுவை எப்படி எழுதுவது என்பதையும் அதே பந்தலில் சொல்லிக் கொடுப்போம். மண்வெட்டியும் மனுவும் சேர்ந்து போக வேண்டும்.

நமது கோரிக்கை

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

பர்கூர் மலை மக்களின் மேய்ச்சல் உரிமையையும் பட்டி உரிமையையும் வன உரிமைச் சட்டப்படி எழுத்தில் கொடு. சரணாலயத்தின் பெயரால் அதில் கை வைக்காதே.

உண்ணியை அகற்றும் திட்டத்தைக் கிராமசபையோடு உட்கார்ந்து வகு. வேலையைக் கண்டிராக்டரிடம் விடாமல் சோளகருக்கும் மாடு வளர்ப்போருக்கும் கொடு. நியாயமான கூலி, கையுறை, கருவி கொடு. முதல் ஆண்டோடு நிறுத்தாமல் கன்று பிடுங்கவும் புல் விதைக்கவும் தொடர்ந்து பணம் ஒதுக்கு.

ஏரி மரங்களை ஏலம் விட்டால் வேரோடு பெயர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடு. இரண்டு மழைக்காலம் கழித்து, துளிர் இல்லை என்று ஏரிப் பாசன விவசாயிகள் கையெழுத்துப் போட்ட பிறகே கண்டிராக்டரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடு. கரிமூட்டத்தை நம்பிய குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்படுத்து.

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தாவரச் சோதனையைப் பலப்படுத்து. மாவுப்பூச்சியை வென்ற பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஆளும் பணமும் கொடு.

ஆடி மாதச் சந்தையில் பர்கூர் மாட்டின் திமிலைத் தடவிப் பார்க்கிற ஒவ்வொருவரும் அதன் மேய்ச்சல் நிலத்தையும் கேட்க வேண்டும். புல் இல்லாமல் மாடு இல்லை. மாடு இல்லாமல் அந்த மலையில் குடி இல்லை. குடி இல்லாத காட்டில் உண்ணியை வேரறுக்க யார் இருப்பார்கள்?

உரிமையைக் கொடுங்கள். களையை எடுக்க மக்களுக்குத் தெரியும்.